பட்டு நூலும் பாட நூலும்: இமாம் ஹரீரி (ரஹ்)

பஸரா நகரில் பனூ ஹராம் குலத்தார் குடியிருந்த பகுதியில் அவர்கள் பெயராலேயே வழங்கிய பள்ளிவாசல் ஒன்று இருந்தது. ஹிஜ்ரி 5-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஒரு நாள் அப்பள்ளியில் கற்றோர் பலர் கூடியிருந்தபோது, கந்தலாடை உடுத்திய முதியவர் ஒருவர் உள்ளே வந்தார். பயணத்தின் புழுதி அவர் மேனியில் படிந்திருந்தது. ஸலாம் கூறி அவர் பேசத் தொடங்கியதும் சபை மெய்ம்மறந்தது. அத்தகைய தூய அரபு மொழியை, அத்தகைய சொற்கோவையை அங்கிருந்தோர் அரிதாகவே கேட்டிருந்தனர். ஊர் எது என்று வினவியதற்கு ஸரூஜ் என்றும், பெயர் என்ன என்று வினவியதற்கு அபூஸைத் என்றும் விடையளித்தார். ரோமர்கள் தம் ஊரைச் சூறையாடித் தம் மகளைச் சிறைபிடித்துச் சென்றுவிட்டதாகவும், அவளை மீட்கப் பொருள் தேவை என்றும் முறையிட்டார். கேட்டவர் உள்ளமெல்லாம் உருகிற்று.

அன்று மாலை, அச்சபையில் இருந்த ஒருவரின் இல்லத்தில் பஸராவின் பிரமுகர்கள் சிலர் கூடினர். வீட்டுக்காரர் தாம் கண்ட முதியவரைப் பற்றி வியந்து சொன்னார். விருந்தினர் ஒவ்வொருவரும் அதே முதியவரைத் தத்தம் பகுதிப் பள்ளிவாசலில் கண்டதாகக் கூறினர். ஆனால் ஒவ்வோரிடத்திலும் உடை வேறு, கதை வேறு. பேச்சின் அழகு ஒன்றுதான் எல்லா இடத்திலும் மாறாமல் இருந்தது.

அந்த வீட்டுக்காரர்தாம் அபூமுஹம்மத் அல்காஸிம் இப்னு அலீ அல்ஹரீரி. ஏமாற்றப்பட்டோம் என்று அவர் சினம் கொள்ளவில்லை. எழுதுகோலை எடுத்து, அபூஸைத் என்னும் அந்த எத்தனையே நாயகனாக்கி ஒரு சிறு கதை எழுதினார். இன்று மகாமாத் என்று உலகம் போற்றும் கிரந்தத்தின் 50 பகுதிகளில் 48-ஆவதாக இருப்பது அதுதான்; ஆனால் முதலில் எழுதப்பட்டதும் அதுவே. ஹிஜ்ரி 494-இல் (கி.பி. 1101) சிலுவைப் போர்ப் படையினர் ஸரூஜ் நகரைக் கைப்பற்றியது வரலாற்று உண்மை. அம்முதியவரின் பொய் மெய்யின் மீதே கட்டப்பட்டிருந்தது. கைதேர்ந்த பொய்கள் யாவும் அப்படித்தான் கட்டப்படுகின்றன.

இமாம் ஹரீரி ஹிஜ்ரி 446-இல் (கி.பி. 1054) பிறந்தார். பஸராவை அடுத்த மஷான் என்னும் ஊர் அவர் குடும்பத்துப் பூர்வீகம். அங்கே அவருக்கு 18,000 பேரீச்ச மரங்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டது என்று இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஹரீர் என்றால் பட்டு. பட்டு நெய்தலோ விற்றலோ குடும்பத்தொழிலாக இருந்ததால் ஹரீரி என்னும் பெயர் வந்தது. மார்க்கச் சட்டத்தில் அவர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். அம்மத்ஹபின் அறிஞர்களுடைய வரலாற்றைத் தொகுத்த இமாம் சுப்கீ அவர்கள் இவருக்கும் அதில் இடம் தந்திருக்கிறார்கள். அரசாங்கத்தில் அவர் வகித்த பதவி, பஸராவின் நிலவரங்களைத் தலைநகருக்கு எழுதியனுப்புவது. மெய்யான செய்தியை எழுதுவதற்காகச் சம்பளம் பெற்ற மனிதர், சம்பளமில்லாத நேரத்தில் பொய்க்கதை எழுதினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மகாமா என்பது சபையில் சொல்லப்படும் எதுகை நயம் மிக்க உரைநடைக் கதை. இவ்வகையைத் தோற்றுவித்தவர் ஹரீரிக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் வாழ்ந்த பதீஉஸ்ஸமான் ஹமதானீ. ஹிஜ்ரி 398-இல் மறைந்தவர். முன்னோடி என்ற பெருமை அவருக்கே உரியது என்பதை ஹரீரி தமது முன்னுரையில் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். ஹரீரியின் கதைகள் அனைத்தையும் சொல்பவர் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்னும் கற்பனைப் பயணி. ஹாரிஸ் என்றால் உழைத்துத் தேடுபவர்; ஹம்மாம் என்றால் கவலையும் நாட்டமும் நிறைந்தவர். மனிதர் எல்லோருமே இவ்விரண்டும்தாம் என்ற கருத்துடைய ஒரு நபிமொழியிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது என்பர். அந்த ஹாரிஸ் ஊர் ஊராகச் செல்கிறார். எங்கு போனாலும் அபூஸைத் வேறொரு வேடத்தில் நிற்கிறார், பேசுகிறார், பொருள் பறிக்கிறார், முடிவில் அடையாளம் கண்டுகொள்ளப்படுகிறார்.

கதை இவ்வளவே. கதைக்காக யாரும் அந்நூலை ஓதுவதில்லை. அதிலுள்ள சொல்வித்தைக்காகவே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாக்களில் அது ஓதப்பட்டு வருகிறது. தமிழில் சிலேடை என்றும், மடக்கு என்றும், மாலைமாற்று என்றும் புலவர்கள் கையாண்ட அணிகளுக்கெல்லாம் அரபியில் இணையானவற்றை அங்கே காணலாம். ஒரு மகாமாவில் இறுதியிலிருந்து முதலுக்கு எழுத்தெழுத்தாகப் படித்தாலும் மாறாத தொடர்கள் வருகின்றன. மற்றொன்றில் ஒரு கடிதத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் நோக்கிப் படித்தால் அது வேறொரு கடிதமாகிறது.

அரபு எழுத்துக்கள் 28-இல் 15 எழுத்துக்களுக்குப் புள்ளி உண்டு, 13-க்கு இல்லை. இந்தப் புள்ளியை வைத்து ஹரீரி ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. ஒரு மகாமாவில் ஒரு சொல் முழுதும் புள்ளியுள்ளது, அடுத்த சொல் முழுதும் புள்ளியற்றது என்று ஒரு கடிதம் செல்கிறது. அதையும் மிஞ்சி, இன்னொன்றில் எழுத்துக்கெழுத்து அவ்வாறே மாறி வருகிறது. 28-ஆவது மகாமா ஸமர்கந்து நகரில் ஒரு ஜும்ஆ நாளில் நடக்கிறது. அபூஸைத் மிம்பரில் ஏறி, ஒரு புள்ளி எழுத்துக்கூட இல்லாமல் குத்பா ஓதுகிறார். நபி என்ற சொல்லில் புள்ளிகள் இருப்பதால் அதைச் சொல்ல இயலாது. ரஸூல் என்று சொல்லலாம். அல்லாஹ் என்னும் திருநாமத்திலோ முஹம்மத் என்னும் திருப்பெயரிலோ புள்ளியில்லை. நம் வீட்டுக் குழந்தைகள் முதன்முதலில் நாவால் மொழியும் கலிமா தய்யிபாவை அரபியில் எழுதிப் பாருங்கள். முதலிலிருந்து முடிவுவரை ஒரு புள்ளியும் அதில் இராது. பின்னாளில் நம் நாட்டில் அக்பரின் அவைக்களப் புலவராயிருந்த ஃபைளீ, திருக்குர்ஆன் முழுமைக்கும் புள்ளியற்ற எழுத்துக்களாலேயே ஒரு விரிவுரை எழுதினார். அதற்கு நெடுங்காலம் முன்னரே இந்த ஸமர்கந்துக் குத்பா அறிஞர்களிடையே புகழ்பெற்றிருந்தது.

ஆனால் ஹரீரி அக்கதையை அந்தக் குத்பாவோடு நிறுத்தவில்லை. உள்ளம் நடுங்கும்படி உபதேசித்த அதே கதீப், அன்று இரவு தம் அறையில் மதுக் குடங்களைத் திறக்கிறார். ஹாரிஸ் திடுக்கிட்டுக் கேட்க, பகலுக்கு ஒரு முகம், இரவுக்கு ஒரு முகம் என்னும் பாங்கில் எதுகையோடு ஒரு சமாதானமும் சொல்கிறார். படிப்பவர் சிரிக்கிறார். பள்ளிவாசலில் பேசும் பொறுப்புடைய எங்களைப் போன்றோருக்கு அந்த இடத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

32-ஆவது மகாமா மதீனா முனவ்வராவை நோக்கிய பயணத்தில் நிகழ்கிறது. அதில் அபூஸைத் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அறிஞராக வீற்றிருக்கிறார். நூறு கேள்விகள் கேட்கப்படுகின்றன. நூறுக்கும் அவர் கூறும் விடை முதலில் பிழையாகவே தோன்றும். ஒளுச் செய்தவர் தமது நஅலின் புறத்தைத் தொட்டால் ஒளு முறியுமா என்பது ஒரு கேள்வி. முறியும் என்கிறார். நஅல் என்றால் செருப்பு என்றே நாம் அறிவோம். செருப்பைத் தொட்டு ஒளு முறிவதாவது! மனைவிக்கும் அரபியில் அச்சொல் வழங்கியதுண்டு. அப்பொருளில் கொண்டால், நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம் அதுவேதான். ஒளுவுக்குப் பின் பர்த் வந்து ஒருவரைச் சாய்த்துவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வருகிறது. ஒளுவைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார். பர்த் என்றால் குளிர். உறக்கம் என்றும் பொருள் உண்டு. அம்ம யதஸாஅலூன் சூராவில் வரும் இதே சொல்லுக்கு உறக்கம் என்று பொருளுரைத்த முஃபஸ்ஸிர்களும் உளர். ளரீருடைய தண்ணீர் ஆகும், பஸீருடைய தண்ணீர் ஆகாது என்பதும் அவர் தீர்ப்பு. குருடர் வீட்டுத் தண்ணீர் ஆகும், பார்வையுள்ளவர் வீட்டுத் தண்ணீர் ஆகாதா என்று மயங்குவோம். ளரீர் என்பதற்கு ஆற்றோரம் என்றும், பஸீர் என்பதற்கு நாய் என்றும் பொருள் உண்டு எனத் தெரிந்தபின் மயக்கம் தெளியும்.

மொழியறிவு குறைந்தவர் ஃபத்வா கொடுக்க முற்பட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுவையாக யாரும் காட்டியதில்லை. அடியேன் ஓதிய காலத்தில், அகராதியைப் புரட்டி வேர்ச்சொல்லைக் கண்டுபிடித்த மாணவன் மட்டுமே சிரிக்கலாம் என்று எங்கள் உஸ்தாது விதித்திருந்தார்கள். பல நாட்கள் வகுப்பில் சிரிப்பே எழாது.

பராயிள் கற்றவர்களுக்காகவும் ஹரீரி ஒரு விருந்து வைத்திருக்கிறார். ஒருவர் இறந்துபோனார். அவருக்கு உடன்பிறந்த சகோதரர் ஒருவர் இருக்கிறார், மனைவியும் இருக்கிறார், மனைவிக்கு ஒரு சகோதரர். மனைவியின் பங்கு போக மீதிச் சொத்து முழுவதையும் மனைவியின் சகோதரரே எடுத்துக்கொண்டார். உடன்பிறந்தவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஆயினும் மார்க்கச் சட்டப்படி எல்லாம் சரியே. எப்படி? 15-ஆவது மகாமாவில் வரும் இப்புதிருக்கு விடை இது. இறந்தவருக்கு வேறொரு மனைவி மூலம் ஒரு மகன் இருந்தான். அம்மகனுக்கு இந்த மனைவியின் தாயையே, அதாவது தமது மாமியாரையே, அவர் மணமுடித்து வைத்தார். தந்தையின் மாமியாரை மகன் மணப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறகு மகன் இறந்தான். அதன்பின் தந்தையும் இறந்தார். அக்குழந்தை மனைவிக்குத் தாய்வழிச் சகோதரன். இறந்தவருக்கோ மகனின் மகன். பேரன் இருக்கையில் உடன்பிறந்தவருக்குப் பங்கில்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று போக, மீதி ஏழு பங்கும் பேரனுக்கே. வீட்டில் பிள்ளைகளிடம் இப்புதிரைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி, அவர் வாழ்வில் நேர்ந்த பெரும் சோதனைக்கு வருவோம். முதற்கதையைக் கண்டு மகிழ்ந்த ஓர் அமைச்சர் மேலும் எழுதுமாறு தூண்டினார் என்பது வரலாறு. அவர் அனூஷிர்வான் இப்னு காலித் என்பர் சிலர். இப்னு ஸதகா என்பர் வேறு சிலர். ஆசிரியர் கையெழுத்துப் பிரதியொன்றை ஹிஜ்ரி 656-இல் கெய்ரோவில் தாம் கண்டதாகச் சொல்லி இப்னு கல்லிகான் இரண்டாவது கூற்றையே ஏற்கிறார். எனினும், ஹிஜ்ரி 504-இல் பக்தாதில் ஆசிரியர் முன்னிலையில் ஓதிச் சரிபார்க்கப்பட்ட முழுப் பிரதி ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. இப்னு ஸதகா அமைச்சரானது அதற்குப் பல ஆண்டுகள் பின்னரே. ஆதலின் முதற்கூற்றே பொருத்தமாகப் படுகிறது.

நாற்பது மகாமாக்களை முடித்துக்கொண்டு ஹரீரி பக்தாத் சென்றார். தலைநகரத்துப் புலவர்களுக்கு அது பொறுக்கவில்லை. மஃரிப் நாட்டிலிருந்து வந்து பஸராவில் இறந்துபோன ஒரு வல்லுநரின் ஏடுகள் இவர் கையில் சிக்கின. அவற்றைத் தமது என்று சொல்லித் திரிகிறார் எனப் பழி தூற்றினர். செய்தி அமைச்சர் காதுக்கு எட்டியது. ஹரீரியை அரசு அலுவலகத்திற்கு அழைத்தார். குறிப்பிட்ட ஒரு பொருளைக் கொடுத்து அங்கேயே எழுதிக்காட்டச் சொன்னார். மையும் தாளும் வழங்கப்பட்டன. ஹரீரி ஒரு மூலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது. நாற்பது கதைகளில் எழுத்துக்கெழுத்து வித்தை காட்டிய அந்த விரல்களுக்கு அன்று ஒரு வரியும் வசப்படவில்லை. வெட்கத்துடன் எழுந்து வெளியேறினார்.

எதிரிகள் வாளாவிருப்பார்களா? ஹரீரிக்குச் சிந்திக்கும்போது தம் தாடி மயிரைப் பிடுங்கும் வழக்கம் இருந்தது. மஷானில் வாய் திறந்தவன் அரசவையில் ஊமையானான் என்றும், தாடியைப் பிடுங்கியதே மிச்சம் என்றும் கருத்துப்பட ஒரு புலவன் வசைக்கவி பாடினான். ஊரெல்லாம் அது பரவிற்று. ஹரீரி வழக்காடவில்லை. பஸராவுக்குத் திரும்பினார், மேலும் பத்து மகாமாக்களை எழுதி அனுப்பினார். அரசவையின் கம்பீரம் தம்மைத் திகைக்க வைத்துவிட்டது என்று மட்டும் சமாதானம் கூறினார். பழி மறைந்தது. தம் கைச்சான்று பெற்ற பிரதிகள் எழுநூறு என்று ஹிஜ்ரி 514-இல் அவரே கணக்குச் சொன்னதாக யாகூத் பதிவு செய்கிறார். அச்சு இயந்திரம் இல்லாத அக்காலத்தில் ஓர் ஆசிரியர் தம் ஆயுளிலேயே கண்ட எண்ணிக்கை அது. குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரீ, அந்நூல் பொன்னால் எழுதப்படத் தக்கது என்ற கருத்தில் கவி பாடினார். இப்னுல் கஷ்ஷாப் அதில் பிழைகள் கண்டு ஒரு நூல் எழுத, இப்னு பர்ரீ மறுப்பெழுதி ஹரீரியைக் காத்தார்.

அந்தத் தாடியைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. பஸராவின் அமீர் ஒருவர், தம் முன்னிலையில் தாடியைப் பிடுங்கக் கூடாது என்று ஹரீரியைக் கண்டித்திருந்தார். ஹரீரி பெரும் வேதனையுடன் கையை அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஹரீரி சொன்ன ஒன்றில் அமீர் மகிழ்ந்துபோய், வேண்டியதைக் கேட்குமாறு கூறினார். அரசர்கள் நிலத்தை மானியமாக வழங்குவதற்குரிய சொல்லையே எடுத்து, தம் தாடியைத் தமக்கு மானியமாக விட்டுக்கொடுக்குமாறு ஹரீரி விண்ணப்பித்தார். மானியம் அப்போதே சாசனமாயிற்று.

தோற்றத்தில் அவர் அழகற்றவர், உயரமும் குறைவு. புகழைக் கேட்டுத் தொலைவிலிருந்து பாடம் கேட்க வந்த ஒருவர், அவர் முகத்தைக் கண்டதும் மனத்திற்குள் இகழ்ந்தார். ஹரீரி அதை உணர்ந்துகொண்டார். வந்தவர் ஏதேனும் சொல்லுமாறும் தாம் எழுதிக்கொள்வதாகவும் கேட்டபோது, தம்மைக் காதால் கேட்பது போதும், கண்ணால் காண வேண்டாம் என்னும் கருத்துடைய கவிகளையே எழுதிக்கொள்ளச் சொன்னார். வந்தவர் நாணித் திரும்பினார்.

படித்தவர்கள் மொழியில் செய்யும் பிழைகளைத் தொகுத்து துர்ரத்துல் கவ்வாஸ் என்றொரு நூலும் ஹரீரி எழுதினார். ஸாயிர் என்ற சொல்லை எல்லாம் என்னும் பொருளில் ஆள்வது தவறு, எஞ்சியவை என்பதே பொருள் என்று அதில் வாதிடுகிறார். பிற்காலத்தவரான ஷிஹாபுத்தீன் கஃபாஜீ அதற்கு விரிவுரை எழுதியபோது பல இடங்களில் ஹரீரியோடு முரண்படுகிறார். இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்பது அவர் எண்ணம். தொடக்க மாணவர்களுக்காக முல்ஹத்துல் இஃராப் என்னும் இலக்கணக் கவிநூலையும் ஹரீரி இயற்றினார். ஆயினும் உலகம் அவரை மகாமாத்தின் ஆசிரியராகவே அறிகிறது. அந்நூலின் கதைகளுக்கு யஹ்யா அல்வாஸிதீ என்பவர் ஓவியம் தீட்டிய ஹிஜ்ரி 634-ஆம் ஆண்டுப் பிரதி இன்று பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பொய்யனை நாயகனாக்கிக் கதை புனைவது கூடுமா என்ற வினா ஹரீரியை உறுத்தாமல் இல்லை. முன்னுரையிலேயே அதை எடுத்துக்கொள்கிறார். வாயில்லாப் பிராணிகள் பேசுவதாகச் சொல்லப்படும் நீதிக்கதைகளை எந்த ஆலிமும் பாவம் என்று விலக்கியதில்லை. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன. ஏமாற்றுவதற்காக அல்லாமல் விழிப்பூட்டுவதற்காக எழுதியவன் மீது குற்றம் என்ன என்பது அவர் வாதம். வாதம் வலுவானதே. ஆனால் அதை எழுதி முடித்தபின்னும் அவர் மனம் அமைதியுறவில்லை போலும். இந்நூலால் தமக்கு நன்மை எழுதப்படாவிட்டாலும் போகட்டும், தீமை எழுதப்படாமல் கணக்கு நேராகிவிட்டால் போதும் என்ற கருத்தோடுதான் அவ்விடத்தை முடிக்கிறார். நூலின் கடைசியிலும், அதில் தாம் வைத்த வீண் சொற்களுக்காக இஸ்திக்ஃபார் செய்கிறார். நாவு ஈட்டியதற்கும் கேள்வி உண்டு என்று அஞ்சியவரின் வேண்டுதல் அது. அவரைப் போற்றிப் பாடிய பலரும் இந்தப் பக்கத்தை விரைந்து கடந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

50-ஆவது மகாமா, எல்லாம் தொடங்கிய பஸராவிலேயே நிகழ்கிறது. பள்ளிவாசலில் எழுந்து நின்ற அபூஸைத் இம்முறை பொருள் கேட்கவில்லை. தாம் பெரும்பாவி என்றும், தம் தௌபாவுக்காக எல்லோரும் துஆச் செய்ய வேண்டும் என்றும் வேண்டுகிறார். இதுவும் வழக்கமான தந்திரமே. ஆனால் மக்கள் கைகளை ஏந்தி அழுது துஆச் செய்தபோது, ஏமாற்ற வந்தவரின் உள்ளமே உடைந்துவிடுகிறது. விளையாட்டாகக் கேட்ட தௌபா மெய்யாகிறது. சில காலம் சென்று, அந்நியப் படைகள் நீங்கிய ஸரூஜுக்கே அவர் திரும்பிவிட்டார் என்று கேள்வியுற்று ஹாரிஸ் தேடிச் செல்கிறார். கம்பளி உடுத்தி, மிஹ்ராபில் தஸ்பீஹுடன் அமர்ந்திருக்கும் முதியவரைக் காண்கிறார். இரவெல்லாம் அவர் தொழுகையில் நிற்பதைப் பார்க்கிறார். இம்முறை அடையாளம் கண்டு வெளிப்படுத்துவதற்கு வேடம் ஏதும் இல்லை. விடைபெறும்போது அபூஸைத் ஒரே ஒரு வஸிய்யத் செய்கிறார். மரணத்தைக் கண்முன் வைத்திருக்குமாறு சொல்கிறார். அந்த ஸரூஜ் இன்று துருக்கி நாட்டில் உர்ஃபா மாகாணத்தில் சுருச் என்ற பெயரில் இருக்கிறது.

இமாம் ஹரீரி ஹிஜ்ரி 516-இல் (கி.பி. 1122) ரஜப் மாதத்தில், முதியவர் வந்து நின்ற அந்தப் பள்ளிவாசல் இருந்த பனூ ஹராம் பகுதியிலேயே மறைந்தார். அவருடைய மைந்தர்களில் உபைதுல்லாஹ் என்பவர் பஸராவின் காஜியாக விளங்கினார். தந்தையிடம் ஓதிய மகாமாத்தை அவரும் அவருடைய சகோதரர் அப்துல்லாஹ்வும் பிறருக்கு ஓதிக்கொடுக்க இஜாஸத் வழங்கினார்கள்.